கியூபெக் கொடியின் நான்கு லில்லிகள்: எது சான்று, எது கதை

நீங்கள் கேட்டிருப்பது இரண்டே வரி. கனடாவின் கியூபெக் மாகாணக் கொடியில் உள்ள நீலமும் வெள்ளைச் சிலுவையும் நான்கு லில்லிப் பூக்களும் எதைக் குறிக்கின்றன என்பது ஒன்று. 1758-இல் பிரெஞ்சுக்காரரும் பிரித்தானியரும் மோதிய காரியோன் போரில் பறந்த பிரெஞ்சு அரசக் கொடிதான் இது என்று எங்கோ படித்தீர்கள், அது உண்மையா என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு "இல்லை" என்று ஒரே சொல்லில் பதில் எழுதிவிடலாம். முதலாவது அப்படி முடிகிற கேள்வி அல்ல. ஒரு கொடிக்குப் பொருள் எங்கிருந்து வருகிறது? அதை வரைந்தவர் சொன்னதா, ஏற்றிய அரசு சொன்னதா, நிமிர்ந்து பார்க்கிறவர்கள் நாளடைவில் ஏற்றிவைத்ததா? நீங்கள் உண்மையில் கேட்பது இதைத்தான் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கனடாவில் ஒரு கொடித் தையற்கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். துணி வெட்டுவதில் தொடங்கிப் பிறகு தைப்பவனாகவும் மாதிரி வரைபவனாகவும் இருந்தேன். வரலாற்றில் பட்டம் பெற்றவன் அல்லன். கையில் வந்த கொடிகளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவலில், கொடிகள் கேடயங்களின் சின்னங்களை ஆராயும் சின்னவியல் நூல்களைத் தேடித் தேடிப் படித்தேன். அந்த ஆவலைத் தொடக்கிவைத்ததே இந்தக் கியூபெக் கொடிதான். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு முதியவர் ஒருவர் கிழிந்துபோன பழைய கொடி ஒன்றைக் கொண்டுவந்து, அதேபோல் புதிதாக ஒன்று தைத்துத் தரச் சொன்னார். நீலத் துணி, வெள்ளைச் சிலுவை, நான்கு லில்லிகள். ஆனால் பூக்கள் நிமிர்ந்து நிற்கவில்லை. நான்கும் மூலைகளிலிருந்து நடுவை நோக்கிச் சாய்ந்திருந்தன. யாரோ தெரியாமல் தைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, பூக்களை நிமிர்த்திச் "சரியாக"த் தைத்து வைத்தேன். வாங்க வந்தவர் கொடியை விரித்து நெடுநேரம் பார்த்தார். "இது அரசாங்கத்தின் கொடி. நான் கேட்டது என் அப்பா வீட்டு வாசலில் கட்டிய கொடி" என்றார். மறுபடி தைத்துக் கொடுத்தேன். நான் பிழை என்று நினைத்ததுதான் மூலம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆகவே உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். இன்று நாம் காணும் கொடி 1948 ஜனவரி 21 அன்று பிறந்தது. மாகாண முதல்வர் மோரிஸ் துப்லெசியின் அமைச்சரவை காலையில் ஆணை பிறப்பித்தது. பிற்பகல் மூன்று மணியளவில் கியூபெக் நகரச் சட்டமன்றக் கட்டடத்தின் நடுக் கோபுரத்திலிருந்து பிரித்தானியாவின் யூனியன் ஜாக் இறங்கியது, நீலக் கொடி ஏறியது. ரெனே ஷாலூ என்ற சுயேச்சை உறுப்பினர் மாகாணத்துக்குத் தனிக் கொடி வேண்டும் என்று நெடுநாளாக வற்புறுத்திவந்தார். அவருடைய தீர்மானம் அன்றுதான் அவைக்கு வரவிருந்தது. துப்லெசி முந்திக்கொண்டார். அந்த ஆண்டு கோடையில் தேர்தல் வந்தது, 92 இடங்களில் 82 இடங்களை அவர் கட்சி பிடித்தது. தேர்தலை மனத்தில் வைத்துத்தான் கொடியை ஏற்றினார் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். மறுப்பதற்கில்லை. ஆனால் கணக்குப் போட்டு ஏற்றிய கொடியை மக்கள் கணக்குப் பார்த்து ஏற்கவில்லை. அரை நூற்றாண்டாக வீடுகளிலும் கோயில் விழாக்களிலும் ஏறக்குறைய இதே கொடியைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். கனடாவின் மேப்பிள் இலைக் கொடி வருவதற்கு அப்போது இன்னும் பதினேழு ஆண்டுகள் இருந்தன.

அன்று கோபுரத்தில் ஏறியது இன்றைய வடிவம்கூட அல்ல. ஆணையில் சொன்னபடி பூக்களை நிமிர்த்தித் தைத்த கொடி கையில் இல்லாததால், கிடைத்த பழைய கொடியையே, அதாவது "காரியோன் கொடி" என்று மக்கள் அழைத்த, பூக்கள் சாய்ந்திருந்த கொடியையே, ஏற்றினார்கள். புதியது தைத்து வரப் பிப்ரவரி ஆகிவிட்டது. தையற்காரர்களுக்கு அவகாசம் கொடுக்காமல் நாள் குறிப்பது அரசுகளின் நெடுநாளைய வழக்கம் என்பதை அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

பூக்களை நிமிர்த்தியது சிறிய மாற்றம் போலத் தெரியும். என்னைக் கேட்டால், இந்தக் கொடியின் வடிவமைப்பில் எடுக்கப்பட்ட மிகப் பெரிய முடிவு அதுதான். அந்த ஒரு மாற்றத்துக்கு மட்டுந்தான் ஏற்றியவரே சொன்ன பொருளும் நமக்குக் கிடைத்திருக்கிறது. பூக்கள் வானை நோக்கி நேராக நிற்பது நம் மரபுகளின் மதிப்பையும் நம் நம்பிக்கைகளின் உறுதியையும் காட்டும் என்ற கருத்தில் துப்லெசி பேசினார். அரசியல் மேடையின் மொழிதான். இருந்தாலும் அந்த முடிவுக்கு அவரே தந்த விளக்கம் அது என்பதால் அதைச் சான்றாகவே கொள்கிறேன்.

தைப்பவன் கண்ணில் அந்த மாற்றம் வேறொன்றையும் செய்தது. சாய்ந்த பூக்கள் இருந்த பழைய கொடிக்கு மேல் கீழ் கிடையாது. தலைகீழாகக் கட்டினாலும் அதே கொடிதான். செங்குத்தாகத் தொங்கவிட்டாலும் பூக்கள் நடுவைத்தான் பார்க்கும், முறை கெடாது. பூக்களை நிமிர்த்தியதும் கொடிக்குத் தலையும் காலும் வந்துவிட்டன. கவனக்குறைவாகக் கட்டினால் நான்கு பூக்களும் தலைகீழாகத் தொங்கி, தூரத்திலேயே தவறு தெரியும். ஒரு கண்ணியத்தைக் கொடுத்துவிட்டு ஒரு வசதியை எடுத்துக்கொண்டார்கள். இடவலச் சமச்சீர் மட்டும் கெடவில்லை. லில்லி வடிவம் இடமும் வலமும் ஒன்றே ஆதலால் கொடியின் இரு முகமும் ஒன்றுபோல் இருக்கும். நீலத்தின் மேல் வெள்ளைத் துணியை வைத்துத் தைத்து, பின்பக்கம் திருப்பி நீலத்தை மட்டும் கத்தரித்து எடுத்தால் இருபுறமும் அதே பூ. எழுத்தோ விலங்கோ உள்ள கொடிகளில் இது நடக்காது. ஒரு முகத்தில் கண்ணாடி பிம்பம் தெரியும், அல்லது இரண்டு கொடிகளைத் தைத்து முதுகோடு முதுகு ஒட்ட வேண்டியிருக்கும்.

இனி அந்தப் பழைய கொடி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். இதுவும் உறுதியாகத் தெரிந்ததே. எல்ஃபேஜ் ஃபிலியாத்ரோ என்ற கத்தோலிக்கப் பங்குத் தந்தை 1902 செப்டம்பர் 26 அன்று சென்-ஜூட் என்ற ஊரில் தம் இல்லத்தின் மேல் இதை ஏற்றினார். அதற்கு முன் கியூபெக்கின் பிரெஞ்சு மக்கள் பெருவாரியாகக் கட்டியது பிரான்சின் மூவண்ணக் கொடியை. இது பலருக்கு வியப்பாக இருக்கும். 1850-களின் கிரிமியப் போரில் பிரிட்டனும் பிரான்சும் ஒரே அணியில் நின்றதால், பிரித்தானியக் குடிமக்களான இவர்கள் மூவண்ணத்தைக் கட்டுவதை யாரும் துரோகமாகப் பார்க்கவில்லை. ஃபிலியாத்ரோவுக்கு அது பொருந்தவில்லை. அது இன்னொரு நாட்டின் கொடி, அதுவும் அரசனையும் திருச்சபையையும் வீழ்த்திய புரட்சியின் கொடி. கடல் கடந்து வந்த முன்னோர்கள் அந்தப் புரட்சிக்கு முன்பே பிரான்சை விட்டு வந்தவர்கள். அவர்களுக்கு உரிய கொடி வேண்டும் என்று நினைத்தார். அடுத்த ஆண்டே ஒரு குழுவினர் நடுவில் இயேசுவின் திரு இருதயத்தைச் சேர்த்தார்கள், சுற்றி மேப்பிள் இலைகள். அந்த வடிவம் பல்லாயிரம் வீடுகளில் இருந்தது. 1948-இல் அரசு எடுத்துக்கொண்டபோது இருதயத்தை நீக்கிவிட்டது. இன்றைய கொடியின் தூய்மையான தோற்றம் இப்படி ஒன்றை நீக்கியதால் வந்ததுதான்.

காரியோன் கதைக்கு வருகிறேன். காரியோன் என்பது இன்றைய நியூயார்க் மாநிலத்தில் டைகொண்டரோகா என்று அழைக்கப்படும் கோட்டை. 1758 ஜூலை 8 அன்று அங்கே மோங்கால்ம் தலைமையில் ஏறக்குறைய 3,600 பிரெஞ்சுப் படையினர், பிரித்தானியத் தளபதி அபர்க்ரோம்பியின் சுமார் 16,000 பேரைத் தடுத்து நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு கியூபெக் நகரமே வீழ்ந்துவிட்டதால், தோற்ற மக்களின் நினைவில் அந்தப் பெரிய வெற்றி பொன்போல் தங்கிவிட்டது. போர் முடிந்து தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, 1848-இல், பாய்யார்ஜே என்ற வழக்கறிஞர் ஒரு பழைய பதாகையை வெளிக்கொண்டுவந்தார். துறவி ஒருவர் போர்க்களத்திலிருந்து கொண்டுவந்தது, 1796-இல் மடம் தீப்பற்றி எரிந்தபோது பெட்டியோடு தப்பியது, முதிய துறவி ஒருவரிடம் தாம் பெற்றது என்று அதன் வரலாற்றைச் சொன்னார். பத்து ஆண்டுகள் கழித்து, போரின் நூற்றாண்டில், ஒக்தாவ் கிரெமாசி என்ற கவிஞர் அதைப் பற்றிப் பாடிய நீண்ட கவிதை வீடுதோறும் பரவியது. அதன் பிறகு யாரும் சான்று கேட்கவில்லை.

பதாகை உண்மையானதுதான், இன்றும் பாதுகாக்கப்படுகிறது. பழைய துணி, நிறம் மங்கியது, மூலைகளில் உள்நோக்கிய லில்லிகள், நடுவில் கன்னி மரியாளின் உருவம். வெள்ளைச் சிலுவை அதில் இல்லை. தேவாலய ஊர்வலத்தில் தூக்கிச் செல்லும் பதாகையின் இலக்கணம் அதற்கு முழுக்கப் பொருந்துகிறது, படைக் கொடியின் இலக்கணம் பொருந்தவில்லை. பாசறையில் துறவிகள் இருந்தார்கள், வழிபாடு நடந்தது, ஆகவே அந்தப் பதாகை காரியோனில் இருந்திருக்கக் கூடும். இருந்தது என்று காட்ட அந்த முதிய துறவியின் வாய்மொழியைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. போரில் படைக்கு முன்னால் பறந்தது என்பதற்கு அதுகூட இல்லை. எனவே நீங்கள் படித்த வரியை இப்படித் திருத்திக்கொள்ளுங்கள்: காரியோனில் இருந்ததாகச் சொல்லப்படும் ஒரு பதாகையின் மூலை லில்லிகளைப் பார்த்து, நூற்று நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து ஒரு பாதிரியார் வரைந்த கொடியின் திருத்தப்பட்ட வடிவம் இது. நீளமான வாக்கியம்தான், ஆனால் அதில் பொய் இல்லை.

அப்படியானால் சிலுவை எங்கிருந்து வந்தது? இங்கே தரை உறுதியாகவே இருக்கிறது. நூறாண்டுப் போரிலேயே ஆங்கிலேயர் சிவப்புச் சிலுவையையும் பிரெஞ்சுக்காரர் வெள்ளைச் சிலுவையையும் அணிந்து ஒருவரையொருவர் அடையாளம் கண்டார்கள். பின்னாளில் பிரெஞ்சுக் காலாட்படைப் பிரிவுகளின் கொடிகளில் நடுவில் வெள்ளைச் சிலுவை இருக்கும், நான்கு கட்டங்களின் நிறம் மட்டும் படைக்குப் படை மாறும். பிரெஞ்சு வணிகக் கப்பல்கள் நீலத்தில் வெள்ளைச் சிலுவை பொறித்த கொடியைப் பறக்கவிட்டன. கியூபெக் துறைமுகத்துக்கு மாவும் உப்பும் துணியும் கொண்டுவந்த கப்பல்களின் கொடி அது. "அரசனின் கொடி" என்று சொல்வது இங்கேதான் தவறாகிறது. அரசனின் போர்க் கப்பல்கள் வெறும் வெள்ளைக் கொடியைத்தான் ஏற்றின. நீலமும் வெள்ளைச் சிலுவையும் வியாபாரிகளுக்கும் மாலுமிகளுக்கும் உரியவை. அரண்மனையோடு ஒட்டியது பூ மட்டுந்தான். ஃபிலியாத்ரோவின் மனத்தில் சிலுவை கிறித்தவ நம்பிக்கையையும் குறித்தது என்பதில் ஐயமில்லை, அவர் பாதிரியார். ஆனால் அந்த வடிவம் சமயச் சின்னமாக மட்டும் வந்ததல்ல. படைவீரர் உடையிலும் கப்பல் பாய்மரத்தின் உச்சியிலும் புழங்கி, தேய்ந்து, பிரெஞ்சு என்பதற்கே அடையாளமாகி வந்தது. 

லில்லிக்கு வருவோம். ஃப்ளேர்-த-லிஸ் என்று பிரெஞ்சில் அழைக்கப்படும் இந்த மூவிதழ் வடிவம் பன்னிரண்டாம் நூற்றாண்டு வாக்கில் பிரெஞ்சு மன்னர்களின் சின்னமாக நிலைபெற்றது. தொடக்கத்தில் நீலப் புலம் முழுவதும் பொன் லில்லிகளைத் தூவியிருப்பார்கள். பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது மூன்றாகக் குறைந்தது. சேரருக்குப் பனம்பூ, பாண்டியருக்கு வேப்பம்பூ, சோழருக்கு ஆத்திப்பூ என்று படித்து வளர்ந்த நமக்கு, ஒரு குலத்தை ஒரு பூ அடையாளப்படுத்துவது புதிதல்ல. அது பெயருக்கேற்ப லில்லிதானா, நீர்க்கரையில் வளரும் மஞ்சள் ஐரிஸ் பூவா என்ற வழக்கு நெடுங்காலமாக நடக்கிறது. ஈட்டி முனை, தேனீ என்றெல்லாம்கூடச் சொன்னவர்கள் உண்டு. வடிவத்தை மட்டும் பார்த்தால் கீழே மடியும் இரண்டு இதழ்கள் ஐரிஸுக்குத்தான் நெருக்கம். ஆனால் சின்னவியலில் பூ தாவரவியலுக்குக் கட்டுப்பட்டதல்ல, எனவே இந்த வழக்குக்குத் தீர்ப்பு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கியூபெக் அரசே இதில் இருமுறை பேசியிருப்பதுதான் சுவையான செய்தி. 1963-இல் வெள்ளை லில்லியை மாகாண மலராக அறிவித்தார்கள். அது அந்த மண்ணில் இயல்பாக வளராத செடி என்று தாவரவியலாளர்கள் விடாமல் எடுத்துச் சொன்னார்கள். 1999-இல் அதை நீக்கிவிட்டு, அங்கே ஈரநிலங்களில் தானாக மலரும் நீல ஐரிஸை மாகாண மலராக்கினார்கள். கொடியில் உள்ள பூ அப்படியே இருக்கிறது. இப்போது அதை ஐரிஸ் என்று சொன்னாலும் தவறில்லை, லில்லி என்று சொன்னாலும் தவறில்லை.

நிறத்தையும் கவனியுங்கள். அரசச் சின்னத்தில் லில்லி பொன்னிறம், கொடியில் வெள்ளை. 1534-இல் கியூபெக்கின் கஸ்பே கரையில் பிரெஞ்சுக் கடலோடி ழாக் கார்த்தியே நட்ட முப்பதடிச் சிலுவையில் பொருத்திய கேடயத்தில் மூன்று லில்லிகள் இருந்தன. கியூபெக்கின் அரசுச் சின்னத்தின் மேல்பகுதியில் 1939 முதல் இருப்பவையும் நீலத்தில் மூன்று பொன் லில்லிகளே. கொடியில் மட்டும் அவை வெள்ளையானதற்கு எழுத்தில் எந்தக் காரணமும் தரப்படவில்லை. தொழில் காரணம் கண்முன்னே தெரிகிறது. சிலுவை வெள்ளையாக இருக்கும்போது பூவுக்குப் பொன் சேர்த்தால் மூன்றாவது நிறம் வந்துவிடும், தூரத்தில் வெள்ளையும் மஞ்சளும் ஒன்றோடொன்று குழம்பும். இரண்டே நிறமாக இருப்பதால்தான் பனி பெய்யும் நாளிலும் நெடுஞ்சாலையின் மறுபுறத்திலிருந்து இந்தக் கொடி தெளிவாகத் தெரிகிறது. வட அமெரிக்கக் கொடி ஆய்வாளர் சங்கம் 2001-இல் அமெரிக்க மாநிலங்களும் கனடிய மாகாணங்களும் இரு நாடுகளின் ஆட்சிப்பகுதிகளுமாக 72 கொடிகளின் வடிவமைப்பை மதிப்பிடச் சொன்னபோது நியூ மெக்சிகோ, டெக்சஸ் கொடிகளுக்கு அடுத்து மூன்றாம் இடம் கியூபெக்குக்குக் கிடைத்தது. கனடாவில் அதுவே முதலிடம்.

லில்லியைப் பிரான்சின் தனிச் சொத்து என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1340 முதல் 1801 வரை இங்கிலாந்து மன்னர்களும் பிரான்சின் அரியணை தமக்கே உரியது என்று சொல்லிக்கொண்டு, தம் அரசச் சின்னத்தில் லில்லிகளை வைத்திருந்தார்கள். காரியோனில் மோதிக்கொண்ட இரண்டு படைகளின் மன்னர்கள் சின்னத்திலும் லில்லி இருந்தது! அது ஒரு மக்களின் பூவாக மாறியது மன்னர்கள் அதைக் கைவிட்ட பிறகுதான்.

இனி ஐயத்துக்கு உரியவை. நீலம் கன்னி மரியாளின் நிறம், வானத்தின் நிறம், வெள்ளை தூய்மை, நான்கு பூக்கள் நான்கு திசை என்றெல்லாம் சமூக ஊடகங்களில் பரவும் பட்டியல்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நீலத்தை மரியாளோடு சேர்த்துப் பார்க்கும் வழக்கம் கத்தோலிக்க மரபில் உண்டு, அந்தக் கொடியைக் கட்டிய பக்தர்கள் அப்படி உணர்ந்திருப்பார்கள். அவர்கள் உணர்வை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நீலம் வணிகக் கொடியிலும் அரசக் கேடயத்திலும் முன்பே இருந்தது, அங்கிருந்துதான் வந்தது. நான்கு என்ற எண்ணுக்கோ மிக எளிய விளக்கம் உண்டு. ஒரு சிலுவையை வரைந்தால் நான்கு கட்டங்கள் விழும். ஒன்றில் பூ வைத்தால் மற்ற மூன்றும் வெறுமையாகத் தெரியும். பதாகையிலும் மூலைகள் நான்குதான். சின்னவியலில் இதுபோல் இடத்தை நிரப்ப வந்த எண்ணிக்கைகள் ஏராளம். அவற்றுக்குத் தத்துவம் தேடினால் கிடைக்கும், தேடியவருக்கு மட்டும் கிடைக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க நியூஃபவுண்ட்லாந்து லாப்ரடார் மாகாணக் கொடியை எடுத்துக்கொள்ளுங்கள். 1980-இல் ஓவியர் கிறிஸ்டோபர் பிராட் அதை வரைந்தபோதே பொருளையும் தெளிவாக வகுத்துவிட்டார்கள். வெள்ளை பனி, நீலம் கடல், சிவப்பு மனித உழைப்பு, பொன் தன்னம்பிக்கை. சிவப்புக் கோடிட்ட இரு முக்கோணங்கள் தீவும் பெருநிலமும், பொன்னிற அம்பு எதிர்காலம். செங்குத்தாகத் தொங்கவிட்டால் அந்த அம்பே வாளாகி, போரில் மாண்டவர்களை நினைவூட்டும். அதைத் தைக்கும்போதெல்லாம் அந்த வாளை எண்ணி வியந்திருக்கிறேன், தொங்கவிடும் முறையைக்கூட முன்கூட்டியே நினைத்து வரைந்த கை அது. அங்கே "இது எதைக் குறிக்கிறது" என்று கேட்டால் எடுத்துக்காட்ட ஓர் ஆவணம் இருக்கிறது. கியூபெக் கொடிக்கு அப்படிப்பட்ட அகராதி இல்லை. 1950-இல் வந்த சட்டமும் சரி, 1999-இல் வந்த சட்டமும் சரி, கொடி எப்படி இருக்க வேண்டும், எங்கே முதலிடம் பெற வேண்டும் என்று சொல்கின்றனவே தவிர இந்தப் பூ இதைக் குறிக்கும் என்று விளக்கம் தருவதில்லை.

அகராதி எழுதி வைத்தாலும் அது நிலைக்கும் என்று சொல்ல முடியாது என்பதற்குப் பிரிட்டிஷ் கொலம்பியா சாட்சி. 1895-இல் அந்த மாகாணச் சின்னத்தை வரைந்தவர் சூரியனை மேலேயும் யூனியன் ஜாக்கைக் கீழேயும் வைத்தார். பிரித்தானியப் பேரரசில் சூரியன் மறைவதே இல்லை என்ற பெருமிதத்துக்கு இழுக்கு என்று 1906-இல் இரண்டையும் இடம் மாற்றினார்கள். 1960-இல் அதுவே மாகாணக் கொடியானது. இன்று அந்த மாகாணத்தில் அதைப் பார்க்கிறவர்களுக்குப் பசிபிக் கடலில் இறங்கும் மாலைச் சூரியன்தான் நினைவுக்கு வருகிறது.

மற்ற மாகாணக் கொடிகளில் இருக்கும் பிரித்தானியச் சுவடு கியூபெக் கொடியில் இல்லை, ஆகவே இது பிரிவினையின் கொடி என்று நினைப்பவர்களும் உண்டு. உங்கள் கேள்விக்குக் கீழேயே ஒருவர் அப்படி எழுதியிருக்கிறார். கால வரிசையைப் பார்த்தாலே அது பொருந்தாது. துப்லெசி மாகாண உரிமை பேசிய பழமைவாதி, பிரிந்து போகக் கேட்டவர் அல்லர். பிரிவினை கேட்கும் கியூபெக் கட்சி தோன்றியது 1968-இல், கொடிக்கு அப்போது இருபது வயது. பிரிவினை பற்றி 1980, 1995 ஆகிய ஆண்டுகளில் நடந்த இரண்டு பொதுவாக்கெடுப்புகளிலும் "வேண்டாம்" என்று வாக்களித்த பக்கத்திலும் இதே கொடி பிடித்தவர்கள் இருந்தார்கள். 1837-இல் பிரித்தானிய ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்தவர்களின் கொடி வேறு, அது பச்சை, வெள்ளை, சிவப்புப் பட்டைகள் கொண்டது. பிரித்தானியச் சுவடு இல்லாததை நான் இப்படித்தான் வாசிக்கிறேன்: யாரையும் எதிர்க்கும் சின்னம் கொடியில் ஒன்றுகூட இல்லை, தம்முடையது என்று கருதியதை மட்டும் வைத்திருக்கிறார்கள். இது என் வாசிப்பு, சான்று அல்ல.

கொடியில் இல்லாதவர்களைப் பற்றியும் சொல்லாவிட்டால் பதில் முழுமையாகாது. கியூபெக் அரசு ஏற்றுக்கொண்ட பூர்வகுடி இனங்கள் பதினொன்று. அவர்களில் எவருக்கும் அந்த நீலத்தில் இடமில்லை. ஆங்கிலம் பேசுவோருக்கும் பிற்காலத்தில் வந்து குடியேறிய நம் போன்றோருக்கும் இல்லை. 1902-இல் ஒரு பாதிரியார் தம் பங்கு மக்களை மனத்தில் வைத்து வரைந்தது அது, அவரிடம் இதை எதிர்பார்க்க முடியாது. ஆனால் இன்று கேட்பது முறையான கேள்வி. மான்ட்ரியல் நகரம் தன் கொடியில் லில்லியோடு ரோஜா, முட்செடி, மூவிலைச் செடி ஆகியவற்றை வைத்துப் பிரெஞ்சு, ஆங்கில, ஸ்காட்லாந்து, ஐரிஷ் மக்களைக் குறித்திருந்தது. 2017-இல் நடுவில் வெள்ளைப் பைன் மரத்தைச் சேர்த்துப் பூர்வகுடிகளுக்கும் இடம் தந்தது. மாகாணக் கொடியிலும் அப்படி ஏதேனும் சேர்க்கலாமா என்றால், வடிவமைப்பவனாகத் தயங்குகிறேன், அதன் வலிமையே அந்த இரண்டு நிற எளிமை. குடிமகனாக அந்தத் தயக்கம் எனக்கு நிறைவு தரவில்லை. இரண்டையும் சேர்த்து வைக்கும் வழி எனக்கு இன்னும் புலப்படவில்லை.

கடைசியாக, விழா மேடையில் இந்தக் கொடியைச் செங்குத்தாகத் தொங்கவிட நினைத்தால் ஒன்று. சாதாரணக் கொடியை அப்படியே திருப்பித் தொங்கவிடாதீர்கள், பூக்கள் நான்கும் பக்கவாட்டில் படுத்துவிடும். நீள்வாக்கில் தொங்குவதற்கென்றே பூக்களை நிமிர்த்தித் தைத்த பதாகை தனியாகக் கிடைக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் கிடைமட்டமாகவே கட்டுங்கள். கட்டும் முன் ஒரு பூவின் நடு இதழின் கூர்முனை மேலே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.